ஸ்கியோனே ஊர் நௌசோனின் மகன்

ஒலிந்தோஸ்.
வாற்கோதுமை அறுப்பு மாதம், தேய்பிறை நான்காம் நாள்.

மிர்த்தாலே எழுதுவது, மகன் தெலெசோனுக்கு.

நலமாயிரு என்று எழுதித்தான் தொடங்க வேண்டும். எழுதிவிட்டேன். இனி என் வயிற்றெரிச்சலை எழுதுகிறேன்.

"தண்ணி குடிச்சிட்டு வரேம்மா" என்று படகின் பின்பக்கம் போனாய். நானும் நம்பினேன். மடியில் உன் தங்கை, காலடியில் மூட்டை, சுற்றிலும் ஊர்ப் பெண்கள் எல்லாரும் அழுகிறார்கள். ஹெதிலேதான் கத்தினாள்: "அம்மா, அண்ணன் குதிச்சிட்டான்." திரும்பிப் பார்த்தால் உன் தலை மட்டும் தெரிகிறது, துறையைப் பார்த்துப் போய்க்கொண்டிருக்கிறது. படகைத் திருப்பு என்று படகுக்காரனின் கையைப் பிடித்தேன். "பின்னாடி எத்தனை படகு வருது பாரும்மா. உன் பையன் ஒருத்தனுக்காக எல்லாரையும் நிறுத்தவா? நல்லாத்தான் நீந்துறான்" என்றான். கரையில் நின்ற ஸ்பார்ட்டாப் படைக்காரர்கள் உன்னைத் தூக்கி நிறுத்திக் கைதட்டினார்கள். அது எனக்குக் கேட்டது.

உன் அப்பா சொல்லிக் குதித்தாயா, நீயாகக் குதித்தாயா? உண்மையை எழுது.

இங்கே சந்தையில் வந்த சேதி இது. நம் ஊர் ஏதென்ஸை விட்டு ஸ்பார்ட்டா பக்கம் போனது தெரிந்ததும் ஏதென்ஸ் மக்கள் கூடிக் கை தூக்கி முடிவு செய்துவிட்டார்களாம். ஸ்கியோனேயைப் பிடித்ததும் ஆண்கள் அத்தனை பேரையும் வெட்டுவது என்று. பிடித்த பிறகு பார்ப்போம் என்றில்லை, இப்போதே முடிவாகிவிட்டது. அதற்காகத்தானே பெண்களையும் பிள்ளைகளையும் இங்கே கொண்டுவந்து விட்டார்கள். உனக்குப் பதினாலு வயது. நீ பிள்ளைகளில் ஒருத்தன். உன் இடம் அந்தப் படகில் இருந்தது.

ஒரு குயவன் வீட்டுப் பின்னறையில் மூன்று குடும்பம் இருக்கிறோம். ஹெதிலேவுக்குக் காய்ச்சல் வந்து விட்டது. இதைக் கொண்டுவருபவன் ஸ்மிக்கோன். ஏதென்ஸ் கப்பல்களுக்கும் மீன் விற்கிறான், நம்மவர்களுக்கும் விற்கிறான். பெண்டாட்டி நம் ஊர்க்காரி. அவனோடு ஏறி வந்துவிடு. நான் ஒன்றும் கேட்க மாட்டேன்.


ஸ்கியோனே.
திராட்சை நிறம் மாறும் மாதம், வளர்பிறை ஏழாம் நாள்.

தெலெசோன், அம்மாவுக்கு. நலமாயிரு.

அப்பா சொல்லவில்லை. நான்தான் குதித்தேன். சொட்டச் சொட்ட மதில் பக்கம் போய் நின்றபோது கல் சுமந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கல்லைக் கீழே வைத்தார். "உங்கம்மாவுக்கு இப்ப யாருடா பதில் சொல்றது?" என்று கேட்டார். அவ்வளவுதான். அப்புறம் ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. நீ எழுதியதைப் படித்துக் காட்டினேன். "அவ சொல்றது சரி. அவன்கூடக் கிளம்பு" என்றார். அதற்குள் ஸ்மிக்கோன் மீனை விற்றுவிட்டுப் போய்விட்டான். நான் ஒளிந்துகொண்டிருந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். உண்மையை எழுது என்றாய்.

பெண்களோடும் கோழிக்கூண்டுகளோடும் போய், ஊரார் சண்டை போட்டு ஜெயித்த பிறகு திரும்பி வந்தால் என்னை யார் மதிப்பார்கள்? நீ பயப்படாதே. ஸ்பார்ட்டாத் தளபதிக்கு நம் ஆட்கள் பொன்கிரீடம் வைத்ததை நீயும்தானே பார்த்தாய். பந்தயத்தில் ஜெயித்தவனுக்குக் கட்டுவதுபோல ஆளாளுக்கு நாடா கட்டினார்கள். கைவிட மாட்டேன் என்று அவர் சத்தியம் செய்திருக்கிறார்.

நம் வீட்டில் ஒரு படைக்காரனை விட்டிருக்கிறார்கள். பேர் தாமோன். தெற்கே பெல்லெனே ஊர்க்காரன். நம் முன்னோர் அந்த ஊரிலிருந்துதான், டிராய் சண்டை முடிந்து திரும்பும்போது புயலில் சிக்கி இங்கே ஒதுங்கினார்கள் என்று அப்பா சொன்னதும் அவனுக்கு ஒரே குஷி. நீ உறியில் வைத்துவிட்டுப் போன பாலாடைக்கட்டி முழுவதையும் தின்றுவிட்டான். கேட்டால், "சொந்தக்காரன் வீடுதானே மச்சான்" என்கிறான். அப்பாவை மச்சான் என்றுதான் கூப்பிடுகிறான். அப்பாவுக்கும் சிரிப்பு வருகிறது.

ஹெதிலேவுக்குக் காய்ச்சல் விட்டதா?


ஒலிந்தோஸ்.
ஒலிவம் பறிக்கும் மாதம், வளர்பிறை இரண்டாம் நாள்.

மிர்த்தாலே, மகனுக்கு.

மெந்தே விழுந்துவிட்டது. உங்களுக்கு அடுத்த ஊர், புகை உங்களுக்கே தெரிந்திருக்கும். அந்த ஊர்ப் பெண்கள் எங்கள் கிணற்றடிக்குத்தான் வருகிறார்கள். அவர்களுடைய ஆட்களே உள்ளிருந்து கதவைத் திறந்துவிட்டதால் ஏதென்ஸ்காரர்கள் அவர்களை மன்னித்துவிட்டார்களாம். ஒருத்தி என்னிடம், "உங்க ஊருக்கு மன்னிப்பு கிடையாதாம், அக்கா" என்று சொல்லிவிட்டுத் தானே அழுதாள். நான் அழவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்போது ஸ்கியோனேயைச் சுற்றிச் சுவர் எழுப்புகிறார்கள் என்று ஸ்மிக்கோன் சொல்கிறான். கடலிலிருந்து கடல்வரை. ஏறுகிற வழியெல்லாம் மூடிக்கொண்டு வருகிறதாம். நம் ஊர்ப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து இங்குள்ள சபை மண்டபத்துக்குப் போனோம். வாசலில் உட்கார்ந்திருந்த அதிகாரி நல்ல மனிதன்தான். எங்களுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னான்.

"படை வரும்மா."

"எப்ப?"

"தளபதி வடக்க மாசிடோனியா ராஜாவோட ஒரு வேலையாப் போயிருந்தாரு. இப்பத்தான் திரும்பியிருக்காரு. ஆள் திரட்டணும்."

"அதுக்குள்ள சுவர் முடிஞ்சிடுமேய்யா."

"அது எனக்குத் தெரியலம்மா."

மறுபடியும் போனோம். மறுபடியும் தண்ணீர் கொடுத்தார்கள். இப்போது போவதில்லை.

நீ ஒளிந்துகொண்டதைப் படித்ததும், நீ எழுதி அனுப்பிய ஈயத்தகட்டை உன் தலையிலேயே எறியலாம் போலிருந்தது. ஆனால் பொய் சொல்லவில்லை, அதற்காக விட்டேன். ஒரு கம்பளிப் போர்வை நெய்து அனுப்பியிருக்கிறேன். அளவு தெரியவில்லை, பெரிதாகவே நெய்தேன். அப்பாவோடு சண்டை போடாதே. எனக்கு அவர்மேல் இருக்கிற கோபம் என்னோடு இருக்கட்டும். ஸ்பார்ட்டா பக்கம் போக ஊர் கூடிய அன்று கை தூக்காதீர்கள் என்று நான் சொன்னேன். "எல்லாரும் தூக்கும்போது நான் மட்டும் எப்படிடீ தூக்காம இருக்கிறது?" என்றார்.


ஸ்கியோனே.
குளிர்காலம், பனி விழும் மாதம், தேய்பிறை.

தெலெசோன், அம்மாவுக்கு.

சுவர் முடிந்துவிட்டது. மதில்மேல் நின்றால் ஏதென்ஸ்காரர்கள் சமைப்பது தெரிகிறது. காற்று இந்தப் பக்கம் அடிக்கும் நாளில் யாரும் மேலே ஏறுவதில்லை, வாசனை தாங்க முடியவில்லை. ஸ்மிக்கோன் இப்போது மூடுபனி நாளில் மட்டும் முனைப்பாறைக்குக் கீழே வருகிறான். மேலிருந்து கயிற்றில் கூடையை இறக்குகிறோம்.

போர்வை வந்தது. பெரிதுதான். நானும் அப்பாவும் ஒன்றாகப் போர்த்திக்கொள்கிறோம். அப்பாவின் வலது கால் போய்விட்டது அம்மா. மதில் கல் சரிந்து முழங்காலில் விழுந்தது. எலும்பு கூடிவிட்டது, ஆனால் மடங்காது. தாமோன்தான் கட்டுப்போட்டான். தாமோனின் கேடயம் தூக்கும் அடிமைப் பையன் ஒருத்தன் இருந்தான், அவன் சளி கண்டு இறந்துபோனான். இப்போது நான்தான் தாமோனின் கேடயத்தைத் துடைக்கிறேன்.

ஆடு, கழுதை எல்லாம் தீர்ந்தது. வாற்கோதுமையும் உலர்ந்த அத்தியும் அளந்து கொடுக்கிறார்கள். தாமோன் சொந்தக்காரன் வேடிக்கையை இப்போது பேசுவதில்லை. தன் பங்கில் பாதியை என் தட்டில் போட்டுவிட்டு வெளியே பார்த்துக்கொண்டு தின்கிறான்.

ஒருநாள் அப்பாவிடம் கேட்டேன்.

"அப்பா, நாம தப்பு பண்ணிட்டமா?"

"இத்தனை ஆம்பளைங்க இருக்கோம். தப்புன்னு சொல்ல ஊர்ல ஒருத்தன் இல்லடா. அதான் எனக்குப் பயமா இருக்கு."

உன்னிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்றார். சொல்லிவிட்டேன். அவர் உன் பேரைச் சொல்லும்போதெல்லாம் காலைத் தடவிக்கொள்கிறார்.

படகில் தண்ணீர் குடிக்கிறேன் என்று பொய் சொன்னேனே, அது தப்பு. குதித்தது தப்பா என்று இன்னும் தெரியவில்லை.


ஒலிந்தோஸ்.
அடுத்த வருடம், திராட்சை மிதிக்கும் மாதம், தேய்பிறை ஒன்பதாம் நாள்.

மிர்த்தாலே, மகனுக்கு.

தளபதி இறந்துபோனார். வடக்கே நடந்த சண்டையில் ஜெயித்துவிட்டு இறந்தாராம். அவரைப் புதைத்த ஊரில் அவருக்குப் பலி கொடுக்கிறார்கள், ஓட்டப்பந்தயம் நடத்துகிறார்கள் என்கிறார்கள். இங்கேயும் எல்லாரும் துக்கம் காக்கிறார்கள். நம் ஊர்ப் பெண்களுக்கு அழுகை வரவில்லை.

வருவார் வருவார் என்று ஒரு மனிதரையாவது சொல்லிக்கொண்டிருந்தோம். இனி யார் பேரைச் சொல்வது என்று தெரியவில்லை.

குயவன் வீட்டுக்கு மண் மிதிக்கிறேன், அதற்கு ரொட்டி தருகிறான். ஹெதிலே நன்றாயிருக்கிறாள். உன்னைப் பற்றி யாராவது கேட்டால், "எங்கண்ணன் கடல்ல நீந்திப் போயிருக்கான், வந்துருவான்" என்கிறாள்.

கையெழுத்து கோணலாக வருகிறது. விட்டுவிடு.


ஸ்கியோனே.
வசந்தம், கப்பல் கிளம்பும் மாதம், வளர்பிறை ஐந்தாம் நாள்.

தெலெசோன், அம்மாவுக்கு.

இதை வேகமாக எழுதுகிறேன்.

முந்தாநாள் ஏதென்ஸ் சுவர்மேல் ஒரே பாட்டு. ஒருத்தன் கையைக் குவித்துக் கத்தினான்: "சண்டை முடிஞ்சுது! ஸ்பார்ட்டாவும் நாங்களும் ராசி!" எங்கள் ஆட்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். அப்பா ஒற்றைக்காலில் நின்று என்னைத் தூக்கப் பார்த்தார். நான் அவரைவிட உயரம் இப்போது. ரெண்டு பேரும் விழுந்தோம், சிரித்தோம்.

மாலையில் ஒப்பந்தத்தை வாசித்தார்கள். முற்றுகைக்குள் இருக்கும் தாமோன் போன்ற தெற்கத்திப் படைக்காரர்களை ஏதென்ஸ் வெளியே விட வேண்டும். ஸ்கியோனேயைப் பொறுத்தவரை ஏதென்ஸ் தன் இஷ்டம்போலச் செய்துகொள்ளலாம். அவ்வளவுதான் எழுதியிருக்கிறது. நம் ஊர் பேரைச் சொல்லியே எழுதியிருக்கிறது. ஸ்பார்ட்டாக்காரர்கள் அதற்குச் சத்தியம் செய்திருக்கிறார்கள். அதை வாசித்த ஸ்பார்ட்டாப் படைத்தலைவன் பாதியில் நிறுத்திவிட்டு, "இது இப்போதைக்கு. எங்க ஆளுங்க மறுபடி வருவாங்க" என்று சேர்த்துச் சொன்னான். நம்மவர்கள் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

தாமோன் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தான். சாப்பிடவில்லை. அப்பாதான் பேசினார்.

"மச்சான், உன் கேடயம் தூக்குற பையன் செத்தது வெளிய யாருக்காவது தெரியுமா?"

தாமோன் என்னைப் பார்த்தான். "தலையை ஒட்ட வெட்டணும்" என்றான். "வாயைத் திறக்கக் கூடாது. அவன் பேச்சுலயே உங்க ஊரு தெரிஞ்சிடும். முக்கியமா, திரும்பிப் பாக்கக் கூடாது. அடிமை எவனும் திரும்பிப் பாக்க மாட்டான்."

நான் போக மாட்டேன் என்றேன். அப்பா தரையில் உட்கார முயன்றார். கால் மடங்கவில்லை, சாய்ந்துதான் உட்கார முடிந்தது. என் கால் இரண்டையும் பிடித்துக்கொண்டார். அம்மா, அதன் பிறகு நான் என்ன சொல்ல முடியும்?

ஒலிந்தோஸ் வழியாகத்தான், வடக்கே இருக்கும் ஸ்பார்ட்டாப் படையோடு சேரப் போவோமாம். சாலையில் நில். என்னைத் தெரியாவிட்டால் தாமோனைத் தேடு. அவனுக்கு இடது காது பாதிதான் இருக்கும்.


ஒலிந்தோஸ்.
வாற்கோதுமை முற்றும் மாதம், தேய்பிறை ஆறாம் நாள்.

மிர்த்தாலே, மகனுக்கு.

சாலையில் உன்னைத் தெரியாமல்தான் நின்றேன். பாதிக் காதுக்காரனைப் பார்த்தேன், அவன் பின்னால் மொட்டையாக ஒரு நெட்டையன், கண் குழி விழுந்து. இவன் யாரோ, என் மகன் எங்கே என்று கேட்க வாய் திறந்துவிட்டேன். நீ சிரித்த பிறகுதான் தெரிந்தது.

ஒரு நிலவு முழுக்க என்னோடு இருந்தாய். ரொட்டியைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்கினாய். ஹெதிலே உன் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். எனக்கு அது போதும் என்று நினைத்தேன். உனக்குப் போதவில்லை. சந்தைக்குப் போய் வந்த ஒவ்வொரு நாளும் உன் முகம் கறுத்தது. "யாரும் வரப்போறதில்லம்மா. இங்க எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. அங்க மட்டும்தான் தெரியாது. இன்னமும் வருவாங்கன்னு அளந்து தின்னுட்டு உக்காந்திருக்காங்க" என்றாய். "அப்பாவைக் கூடையில வச்சு இறக்கிடலாம். ரெண்டு பேர் மேல வேணும், ஒருத்தன் கீழ வேணும்" என்றாய். நான் கேட்டுக்கொண்டுதானே இருந்தேன். வேண்டாம் என்று சொன்னேனா? அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நான் வாயே திறக்கவில்லை. அவரும் வந்துவிட்டால், என்று ஒரு ஆசை எனக்கும் இருந்தது.

நேற்றுக் காலை, "ஸ்மிக்கோன்கூட மீன் பிடிக்கப் போறேம்மா" என்றாய். ரொட்டி கட்டிக் கொடுத்தேன். எத்தனை ரொட்டி கேட்டாய் என்பதிலேயே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஸ்மிக்கோன் தனியாகத் திரும்பினான். படகு முகப்பில் கல் அடித்த உடைசல். "பையன் கயிறு ஏறிட்டான் அக்கா. அவங்கப்பாவை இறக்கறதுக்குள்ள பனி விலகிருச்சு. காவல் கப்பல் திரும்பிருச்சு. நான் தள்ளிக்கிட்டு வந்தேன். என்னை மன்னிச்சிரு" என்றான். அவனை என்ன சொல்வது? அவனுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அடுத்த மூடுபனிக்கு வருகிறேன் என்கிறான். கோடை வந்துவிட்டது தெலெசோன். கோடையில் எங்கே மூடுபனி?


ஸ்கியோனே.
அறுப்பு மாதம், வளர்பிறை.

தெலெசோன், அம்மாவுக்கு.

இன்று விடியலில் பனிபோல ஏதோ இருந்தது. ஸ்மிக்கோன் வந்தே விட்டான். ஆனால் பாறைக்கு நேர் கீழே காவல் படகு ஒன்றைக் கட்டிப் போட்டிருக்கிறார்கள். இதைக் கல்லில் சுற்றித் தூர எறிகிறேன், எடுத்துக்கொள்வான்.

என்னைப் பார்த்ததும் அப்பா ஒரு சத்தம் போட்டார். அது பேச்சு இல்லை. பிறகு சொன்னார்: "உன்னைக் காப்பாத்த ஒரே வழிதாண்டா இருந்துச்சு. அது வழியா உள்ள வந்துட்டியே." திட்டவில்லை. அவர் என்னை அடித்ததே இல்லை, உனக்குத் தெரியும். இப்போதாவது அடித்திருக்கலாம்.

நீ கொடுத்த ரொட்டியைத் துண்டு துண்டாக்கிப் பகிர்ந்தோம். பக்கத்து வீட்டு மெனேதெமோஸ் தன் துண்டைத் தின்னாமல் முகர்ந்துகொண்டே இருந்தார். அவர் மகன் பிடுங்கித் தின்றுவிட்டான். என் வயதுக்காரன், அன்று அவனும் படகில் ஏறவில்லை, ஞாபகம் இருக்கிறதா, நம் அத்தி மரத்தில் ஏறி விழுந்தவன்.

யாரும் வரப்போவதில்லை என்பதை ஊர் கூட்டத்தில் சொன்னேன். நம்புவார்களோ மாட்டார்களோ என்று பயந்தேன். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. அவர்களுக்குத் தெரிந்துதான் இருந்தது. நான் வந்து சொல்வதற்கு ஒன்றுமே இருக்கவில்லை, அம்மா.

தானியம் தீரப்போகிறது. தீர்ந்ததும் கதவைத் திறப்பார்கள். உன்னிடம் இருந்த நாட்கள் நன்றாக இருந்தன. அதைச் சொல்லாமல் வந்துவிட்டேன்.


ஒலிந்தோஸ்.
நடுக்கோடை, வளர்பிறை எட்டாம் நாள்.

மிர்த்தாலே, மகனுக்கு.

இது உன் கைக்கு வருமோ தெரியாது. ஸ்மிக்கோன் கிட்டேயே போக முடியவில்லை என்கிறான். ஆனாலும் எழுதுகிறேன், கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

சபை மண்டபத்துக்குத் திரும்பவும் போனோம். பிள்ளைகளையாவது விடச் சொல்லி ஏதென்ஸுக்கு ஒரு ஆளை அனுப்புங்கள் என்று கேட்டோம். அதே அதிகாரிதான். "எங்க தலைமேலயே கத்தி தொங்குதும்மா. உங்களுக்காகப் பேசினா அடுத்தது நாங்க" என்றான். உண்மையைத்தான் சொன்னான்.

உனக்குத் தாடி முளைத்திருந்தால் மழித்துவிடு. முன்னால் நிற்காதே. குனிந்து நட. அப்பாவிடம் சொல், எனக்குக் கோபம் இல்லை என்று. இதை முன்பே எழுதியிருக்கலாம். எழுத உட்காரும்போதெல்லாம் உன்னைப் பற்றியே எழுதித் தகடு தீர்ந்துபோனது.


பிரேயஸ் துறைமுகம், ஏதென்ஸ்.
குளிர் தொடங்கும் மாதம், தேய்பிறை.

அம்மாவுக்கு.

ஸ்மிக்கோன் உப்புக்கருவாட்டோடு இங்கே வந்து ஒவ்வொரு பட்டறையாக எட்டிப் பார்த்திருக்கிறான். நீ அனுப்பியதாகச் சொன்னான். சமாதானம் என்பதால் துறைமுகம் எல்லாருக்கும் திறந்திருக்கிறது. இதை அவன் கையிலேயே கொடுக்கிறேன். படித்ததும் உருக்கிவிடு.

நான் ஒரு விளக்குப் பட்டறையில் இருக்கிறேன். இங்கே என் பேர் திராக்ஸ், திரேஸ்காரன் என்று அர்த்தம். ஏன் என்று சொல்கிறேன்.

கதவைத் திறந்ததும் எல்லாரையும் ஊருக்குக் கீழே திராட்சைத் தோட்டத்தில் உட்காரவைத்தார்கள். பெரிய வெயில். ஒரு அதிகாரி குடை பிடிக்கவைத்துக்கொண்டு வந்தான். "அடிமைங்க எல்லாம் எழுந்து இந்தப் பக்கம் வாங்க" என்றான். அடிமைகள் யாருடைய பொருளாக இருந்தாலும் பொருள்தானே, அவர்களை எதற்கு வெட்டுவது. கொஞ்சம் பேர் எழுந்து போனார்கள்.

அப்பா என் கழுத்தைப் பிடித்துத் தூக்கினார். "ஏய், இவனை மறந்துட்டீங்க. தப்பிச்சுக்கலாம்னு என் பக்கத்துல வந்து உக்காந்திருக்கான் பாருங்க" என்றார். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

அதிகாரி என்னையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தான். "உன் மகன்தானே? மூக்கு அப்படியே இருக்கே."

அப்பா சிரித்தார். "திரேஸ்காரி ஒருத்தி என் வீட்டுல வேலை செஞ்சா. அவளுக்குப் பொறந்தது. மூக்கு எங்கிருந்து வந்துச்சுன்னு என் பெண்டாட்டியைக் கேக்காதீங்க, அடிச்சே போட்டுருவா." அதிகாரியும் சிரித்துவிட்டான். அம்மா, இதற்காக அப்பாமேல் வருத்தப்படாதே.

என் தலை மொட்டையிலிருந்து இன்னும் சரியாக வளரவில்லை. அது அடிமைத் தலைபோலத்தான் இருந்தது. அதிகாரி சுற்றி உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்துக் கேட்டான்: "இவன் சொல்றது நெசமா?"

அத்தனை பேரும் நான் பிறந்ததிலிருந்து என்னைத் தெரிந்தவர்கள். பக்கத்தில் மெனேதெமோஸ் தன் மகனைத் தோளோடு அணைத்துக்கொண்டு இருந்தார். அவர் மகனுக்கும் என் வயதுதான். அவனைத் தன் அடிமை என்று சொல்ல அவருக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை, தோன்றியிருந்தாலும் இரண்டாவது ஆளை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நானும் அவர் மகனோடு உட்கார வேண்டியதுதான். அவர் நிமிர்ந்து, "திரேஸ்காரி மகன்தான். திருட்டுப் பய" என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டார்.

நான் நின்றுகொண்டே இருந்தேன். அப்பா என்னை ஓங்கி அறைந்தார். "போடா நாயே, உன் ஆளுங்களோட போய் நில்லு" என்றார். அதிகாரி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அழுதுகொண்டு அப்பா என்று கூப்பிடுவேனா என்று பார்த்தான் என்று நினைக்கிறேன். நான் கூப்பிடவில்லை. நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.

எங்களைக் கப்பலில் ஏற்றிய பிறகு தோட்டப் பக்கமிருந்து சத்தம் கேட்டது. அதை எழுத மாட்டேன்.

ஊர் நிலத்தை வேறு ஒரு ஊர்க்காரர்களுக்குக் கொடுத்துவிட்டார்களாம். அவர்கள் ஊரை முன்னொரு வருடம் ஸ்பார்ட்டாக்காரர்கள் இடித்துத் தரைமட்டமாக்கினார்களாம். அவர்களும் போக்கிடம் இல்லாதவர்கள்தான். யாரைக் கோபிப்பது என்று தெரியவில்லை.

இங்கே மண் பிசைகிறேன், விளக்கு அச்சில் அழுத்துகிறேன். எஜமான் மோசம் இல்லை, மற்றவர்களைவிடக் குறைவாகத்தான் அடிக்கிறார். என்னை மீட்க வரவேண்டாம் அம்மா. நீ வந்து என் மகன் என்று சொன்னால், நான் ஸ்கியோனே ஊர் நௌசோனின் மகன் ஆகிவிடுவேன். அவர்கள் கை தூக்கி எடுத்த முடிவு எனக்கும் சேர்த்துத்தான், அது இன்னும் மாறவில்லை. ஸ்மிக்கோன் இனி இந்தப் பக்கம் வரமாட்டான், பயப்படுகிறான். நீ வேறு யார் கையில் எழுதி அனுப்பினாலும் எஜமான்தான் முதலில் படிப்பார். அதனால் எழுதாதே.

நீ ரொட்டி கட்டிக் கொடுத்த நாள் காலையில் உனக்குத் தெரிந்திருந்தால் என்னை விட்டிருப்பாயா என்று யோசிப்பேன். நீ விட்டிருக்க மாட்டாய். ஆனால் நான் போயிருப்பேன். அதை நினைத்து நீ தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே.


ஒலிந்தோஸ்.
வசந்தம், கப்பல் கிளம்பும் மாதம், வளர்பிறை மூன்றாம் நாள்.

ஒலிந்தோஸில் குயவர் வீட்டில் வேலை செய்யும் பெண் ஒருத்தி எழுதுவது, பிரேயஸ் விளக்குப் பட்டறையில் இருக்கும் திராக்ஸ் என்ற பையனுக்கு. அவன் எஜமானரின் அனுமதியோடு.

உன்னை எனக்குத் தெரியாது. உங்கள் பட்டறை விளக்குகள் நன்றாக எரிகின்றன என்று இங்கே வந்த கருவாட்டு வியாபாரி ஒருவன் சொன்னான். அங்கே மண் வேலைக்கு ஒரு பையன் இருக்கிறான், அவன் கை நல்ல கை என்றான். அதனால் எழுதுகிறேன்.

எனக்கு ஒரு விளக்கு வேண்டும். ஒன்றே ஒன்று போதும். இதைக் கொண்டுவரும் மாலுமி திரும்பும்போது வாங்கிவருவார்.

நானும் மண் மிதிக்கிறவள்தான். குளிர்காலத்தில் மண் கையை வெடிக்கவைக்கும். ஒலிவ எண்ணெய்க் கசடு கொஞ்சம் தடவிக்கொண்டால் ஆறும். வெறும் வயிற்றில் மண் பிசைந்தால் கை நடுங்கும். அந்தப் பையனுக்கு எஜமானர் காலையில் ஏதாவது கொடுத்தால் விளக்கு இன்னும் நன்றாக வரும். இது வேலை தெரிந்தவள் சொல்வது, தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

விளக்கு என் மகளுக்கு. உயரமாக வளர்ந்துவிட்டாள். கதவு தட்டினால் முதலில் அவள்தான் ஓடுகிறாள். ஓடாதே என்று நான் சொல்வதில்லை.

சித்திரம் எதுவும் வேண்டாம். அழகாக இருக்க வேண்டும் என்றுமில்லை. ஈரத்தில் எடுக்கும்போது கைபட்டு, விரல்ரேகை பதிந்துபோன விளக்குகளை உங்கள் பட்டறையில் ஒதுக்கிப் போடுவீர்கள் அல்லவா. அதில் ஒன்று இருந்தால் கொடுத்தனுப்பு.